ஆயிரம் டாலருக்குள்: கலிபோர்னியாவில் உரிமம் இல்லாமல் வீட்டுச் சில்லறை வேலை

கலிபோர்னியா மாநிலத்தில் ஒருவர் இன்னொருவரின் வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு கட்டட வேலையோ பழுது வேலையோ செய்தால் அதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். இதுதான் பொது விதி. ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, விழுந்த வேலிப் பலகையை நிறுத்துவது, அறைக்கு வண்ணம் பூசுவது போன்ற சில்லறை வேலைகளை உரிமம் இல்லாமலே செய்து பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களை ‘ஹேண்டிமேன்’ என்பார்கள். கொஞ்சம் தச்சு, கொஞ்சம் குழாய், கொஞ்சம் வண்ணம் என்று எல்லா வேலையும் தெரிந்த ஆள். பொது விதியிலிருந்து சட்டமே ஒரு சிறு விலக்கை எழுதி வைத்திருப்பதால்தான் அவர்கள் தொழில் நடக்கிறது. அந்த விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. ஒன்று தவறினாலும் விலக்கு முழுவதும் போய்விடும். காலையில் சட்டப்படி வேலையைத் தொடங்கியவர் மாலையில் குற்றம் செய்தவர் ஆகிவிடக்கூடும்.

ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு கலிபோர்னியாவில் 1929 இல் ஏற்பட்டது. இன்று அது ஒப்பந்தக்காரர் மாநில உரிம வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. அது செயல்படுத்தும் விதிகள் வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பில் 7000 என்ற எண்ணில் தொடங்கும் பிரிவுகளில் உள்ளன. ஒப்பந்தக்காரர் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் மிக விரிவானது. கட்டடத்தைக் கட்டுபவர், மாற்றுபவர், பழுது பார்ப்பவர், இடிப்பவர் எல்லோரும் அதில் அடங்குவர். வேலையைச் செய்யாமல் ‘இவ்வளவுக்குச் செய்து தருகிறேன்’ என்று விலை சொன்னவரும் அடங்குவார். சுத்தியலைக் கையில் எடுக்கவில்லை, முன்பணம் வாங்கவில்லை என்பதெல்லாம் தப்பும் வழி ஆகாது. விலை சொன்ன அந்தக் கணமே அவர் ஒப்பந்தக்காரராக நடந்துகொண்டவர் ஆகிறார்.

விலக்கு இருப்பது 7048 ஆம் பிரிவில். நெடுங்காலம் அதன் வரம்பு 500 டாலருக்குக் குறைவான வேலை என்று இருந்தது. மரமும் சிமென்டும் விலையேறி, ஒரு கதவு மாற்றும் செலவே அந்த வரம்பை நெருங்கும் நிலை வந்தபிறகு, 2024 இல் சட்டமன்றம் அதைத் திருத்தியது. 2025 ஜனவரி 1 முதல் வரம்பு 1,000 டாலர். உயர்த்தியது போலத் தோன்றினாலும் இந்தத் திருத்தம் இரண்டு கட்டுப்பாடுகளையும் கூடவே கொண்டுவந்தது. இன்றைய நிலையில் மூன்றும் ஒருசேரப் பொருந்தினால்தான் விலக்கு: மொத்த விலை 1,000 டாலருக்குக் குறைய வேண்டும், வேலை, நகராட்சியிடமோ கவுன்டியிடமோ கட்டட பெர்மிட் வாங்க வேண்டிய வேலையாக இருக்கக் கூடாது, வேலை செய்பவர் உதவிக்கு வேறொருவரைக் கூலிக்கு அமர்த்தக் கூடாது. மூன்றில் இரண்டு இருக்கிறதே என்று யாரும் வாதாட முடியாது.

முதல் நிபந்தனையில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். ஆயிரம் டாலர் என்றால் தம் கூலி ஆயிரம் டாலர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் சொல்வது கூலி, பொருள், மற்ற எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகையை. பொருளுக்கு ஒரு ரசீது, கூலிக்கு ஒரு ரசீது என்று தனித்தனியாக எழுதினாலும் தொகை குறைவதில்லை. சரியாக 1,000 டாலர் என்றாலும் விலக்கு இல்லை. அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

ஒரு வேலியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பலத்த காற்றில் கொல்லைப்புற மரவேலியின் ஒரு பகுதி சாய்ந்துவிட்டது. ஹேண்டிமேன் வந்து பார்க்கிறார். மூன்று கம்பம் மாற்ற வேண்டும், பலகைகள் புதிதாக அடிக்க வேண்டும். பலகைக்கு 410 டாலர், மூன்று கம்பத்துக்கும் கான்கிரீட் மூட்டைக்கும் 130, திருகாணி, இரும்புப் பட்டை வகையில் 35, கூலி 390. கூட்டினால் 965. வரம்புக்குள் அடங்கியதென்று வேலையைத் தொடங்குகிறார். பழைய பலகைகளைக் கழற்றிய பிறகு நாலாவது கம்பம் கண்ணில் படுகிறது. மேலே பார்த்தால் நல்ல மரம். மண்ணைத் தொடும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. ஈரமும் கரையானும் உள்ளே தின்று முடித்திருக்கின்றன. அதையும் மாற்றினால் இன்னும் 120 டாலர். ‘சரி, அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்’ என்று வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். அந்த ஒரு சொல்லில் தொகை 1,085 ஆகிறது, விலக்கு போய்விடுகிறது.

இந்த இடத்தில் அந்தத் தொழிலாளி செய்யக்கூடியது, வேலையை நிறுத்தி, இது தன் வரம்பைத் தாண்டிவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்வதுதான். கழற்றிப்போட்ட வேலியின் முன் நின்றுகொண்டு அப்படிச் சொல்வது யாருக்கும் எளிதல்ல. அதனால் இந்தத் தொழிலில் பழகியவர்கள் விலை சொல்வதற்கு முன்பே எல்லாக் கம்பத்தின் அடியையும் குத்திப் பார்க்கிறார்கள், சுவரின் பின்பக்க ஈரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். 900 டாலருக்கு மேல் போகும் எந்த வேலையையும் ஒத்துக்கொள்வதில்லை என்று வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். மறைந்திருக்கும் பழுது எப்போதும் செலவைக் கூட்டுமே தவிரக் குறைப்பதில்லை.

தொகையைத் துண்டாக்கித் தப்பிக்கும் வழியைச் சட்டம் முன்கூட்டியே அடைத்துவிட்டது. 2,400 டாலர் வேலையை 800 டாலர் வீதம் மூன்று ஒப்பந்தமாக்கினால் அது ஏய்ப்பு. பெரிய வேலையின் ஒரு பகுதியாக வரும் சிறு வேலைக்கும் விலக்கில்லை. அந்தப் பெரிய வேலையை வேறொரு ஒப்பந்தக்காரர் செய்தாலும் இதேதான் விதி. சமையலறையை முழுதாகப் புதுப்பிக்கும் நாற்பதாயிரம் டாலர் வேலை நடக்கும் வீட்டில், சுவருக்கு ஓடு பதிக்க மட்டும் 300 டாலருக்கு ஒருவரைத் தனியாக அழைத்தால், அவருக்கும் உரிமம் வேண்டும். தம் கைக்கு வந்தது 300 டாலர்தான் என்று அவர் சொன்னாலும் சட்டம் பார்ப்பது மொத்த வேலையை.

இரண்டாவது நிபந்தனை பெர்மிட். வண்ணம் பூசுதல், சுவர்த்தாள் ஒட்டுதல், தரைக்கு ஓடு பதித்தல், கம்பளம் விரித்தல், அலமாரி பொருத்துதல் போன்றவற்றுக்குப் பொதுவாகக் கட்டட பெர்மிட் தேவைப்படுவதில்லை. மாநிலக் குடியிருப்புக் கட்டட விதிகளின்படி ஏழு அடிக்கு மேற்படாத வேலிக்கும் அப்படியே. ஆனால் நகரங்கள் தங்கள் விதிகளில் இதைக் கடுமையாக்கிக்கொள்ளலாம். ஒரே வேலைக்கு ஒரு நகரத்தில் பெர்மிட் வேண்டாம், பக்கத்து நகரத்தில் வேண்டும் என்ற நிலை உண்டு. ஊர் கட்டடத் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்துவிட்டு விலை சொல்வதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

மலிவான வேலை என்றால் பெர்மிட் வேண்டியிராது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு வாட்டர் ஹீட்டரே போதும். பழைய வாட்டர் ஹீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒரு பிற்பகல் போதும். செலவும் சில வேளை ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் அதற்கு பெர்மிட் வேண்டும். ஆகவே உரிமம் இல்லாதவர் அதைத் தொடக் கூடாது. காரணங்கள் உறுதியானவை. எரிவாயுக் குழாயின் இணைப்பு கசிந்தால் தீ. புகைபோக்கி சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். வெப்பமும் அழுத்தமும் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வும் அதன் வடிகுழாயும் பிழையாக இருந்தால் தொட்டியே வெடிக்கலாம். கலிபோர்னியா நிலநடுக்க நாடு என்பதால், வாட்டர் ஹீட்டரை மேல் மூன்றிலொரு பகுதியிலும் கீழ் மூன்றிலொரு பகுதியிலும் இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பட்டை இல்லாத தொட்டி நில அதிர்வில் சாய்ந்தால் எரிவாயுக் குழாயையும் பிடுங்கிக்கொண்டு சாயும். நகர ஆய்வாளர் வந்து பார்க்கும் பத்து நிமிடம் இவை அத்தனைக்கும் காவல்.

மூன்றாவது நிபந்தனை தமிழ் வாசகர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கும். கொத்தனார் வந்தால் கூடவே சித்தாள் வருவார் என்பது தமிழ்நாட்டு வழக்கம். கலிபோர்னியாவில் உரிமம் இல்லாத ஹேண்டிமேனுக்குச் சித்தாள் கிடையாது. கட்டுமானப் பொருள் கடைகளின் கார் நிறுத்துமிடத்தில் விடிகாலையில் தினக்கூலிக்குக் காத்திருப்பவர்களில் ஒருவரை, பாரமான கதவைப் பிடித்துக்கொள்ள அரை நாளுக்கு அழைத்துவந்தாலும் விலக்கு போய்விடும். வேலை 400 டாலர்தான் என்றாலும் இதுவே நிலை. காரணம் தெளிவானது: ஆள் வைத்தவர் முதலாளி. முதலாளி என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும், ஊதிய வரி பிடிக்க வேண்டும், பணியிடப் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். விலக்கு, தன் இரண்டு கைகளால் மட்டும் பிழைக்கும் ஒற்றை ஆளுக்காக எழுதப்பட்டது.

விளம்பரம் பற்றி 7027.2 ஆம் பிரிவு தனியே பேசுகிறது. உரிமம் இல்லாதவர் விளம்பரம் செய்யலாம். ஆனால் ஆயிரம் டாலருக்குக் குறைவான வேலைகளுக்கு மட்டும், தமக்கு உரிமம் இல்லை என்பதை அந்த விளம்பரத்திலேயே எழுதி. முகவரி அட்டை, துண்டறிக்கை, வண்டியின் பக்கவாட்டில் எழுதிய பெயர், இணையத்தில் போட்ட வரி எல்லாமே விளம்பரம்தான். ‘ஒப்பந்தக்காரர்’ என்று பொதுமக்கள் எண்ணிக்கொள்ளும்படி எதையாவது எழுதினால், வேலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் விலக்கு நீங்கிவிடும். வேறொருவரின் உரிம எண்ணைப் போட்டுக்கொள்வதோ, இல்லாத எண்ணைப் புனைந்து போடுவதோ தனிக் குற்றம். நேர்மையான ஹேண்டிமேனுக்கு ‘உரிமம் இல்லை’ என்ற அந்த வரி அவமானமாகத் தோன்ற வேண்டியதில்லை. எதை நம்பி அழைக்கிறோம் என்று வீட்டுக்காரர் தெரிந்துகொண்டு அழைக்கிறார். பிறகு தகராறு வந்தாலும் ஏமாற்றினார் என்ற சொல் வராது.

எல்லா வேலையும் ஒப்பந்தக்காரர் சட்டத்துக்குள் வருவதும் இல்லை. கடையில் வாங்கிய கட்டிலையும் மேசையையும் பூட்டித் தருவது, சாமான்களை இடம் மாற்றுவது, வீட்டைத் துடைத்துப் பெருக்குவது, கட்டடத்தோடு நிலையாக ஒட்டாத பொருளை நிறுவுவது போன்றவை வெளியே நிற்கின்றன. தம் சொந்த வீட்டில் தாமே வேலை செய்பவருக்கும் தனி விலக்கு உண்டு. உரிமம் பெற்ற ஒருவரிடம் ஊதியத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் சொந்த உரிமம் தேவையில்லை. ஆயிரம் டாலர் வரம்பும் அவரைத் தொடாது. தொழில் கற்க விரும்பும் இளைஞருக்கு இதுதான் நேரான பாதை. தோட்டத்து மரத்தை வெட்டிச் சீராக்கும் வேலையில் ஓர் அளவுகோல் உண்டு: பதினைந்து அடியோ அதற்கு மேலோ வளர்ந்த மரத்தை வெட்டுவது ஒப்பந்தக்காரரின் வேலை. தோட்டக்காரர் செடியையும் சிறு மரத்தையும் கத்தரிக்கலாம்.

மாநில உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவரையும் விடாமல் பிடிக்கும் கூட்டாட்சி விதி ஒன்று இருக்கிறது. அது ஈயம் பற்றியது. அமெரிக்காவில் வீட்டு வண்ணத்தில் ஈயம் சேர்ப்பது 1978 இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகளின் சன்னல் சட்டத்திலும் கதவு நிலையிலும் பல அடுக்கு வண்ணத்துக்கு அடியில் ஈயம் இன்னும் உறங்குகிறது. அதைச் சுரண்டினால் எழும் தூசி மாவைவிட நுண்மையாகத் தரையில் படியும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து, கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டதைத் திருப்ப மருந்து இல்லை. கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த விதி 2010 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் உள்ளது. 1978 க்கு முந்தைய வீட்டில், உள்ளே ஓர் அறையில் ஆறு சதுர அடிக்கு மேல், அல்லது வெளியே இருபது சதுர அடிக்கு மேல், வண்ணம் பூசிய பரப்பைக் கூலிக்குக் கலைப்பவர் முகமையின் சான்று பெற்றிருக்க வேண்டும். சன்னலை மாற்றினால் அளவே பார்ப்பதில்லை. எவ்வளவு சிறிய சன்னலுக்கும் விதி பொருந்தும். தனி ஆளாக வேலை செய்பவரும் நிறுவனம் என்ற வகையில் சான்று பெற வேண்டும். எட்டு மணி நேரப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் வீட்டாருக்கு ஈய ஆபத்து பற்றிய கையேட்டைத் தர வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, பழைய வண்ணத்தைத் தீ வைத்து உரிக்காமை, முடிவில் நுண்துகள் வடிகட்டி பொருத்திய இயந்திரத்தால் தூசி உறிஞ்சுதல் என்று செய்முறையும் வகுக்கப்பட்டிருக்கிறது. எண்பது டாலர் கூலிக்குச் சன்னல் சட்டத்தைத் தேய்த்துத் தர ஒத்துக்கொள்பவர், அந்த வீட்டில் குழந்தை இருக்கிறதா, வீடு எந்த ஆண்டு கட்டியது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் உப்புத்தாளைக் கையில் எடுக்கக் கூடாது.

தொழிலின் காகிதப் பக்கம் இதைவிட எளிது. பல நகரங்களில் வணிக வரிச் சான்று வாங்க வேண்டும். அதை ‘பிசினஸ் லைசென்ஸ்’ என்று அழைப்பதால் பெருங்குழப்பம் உண்டாகிறது; அது வரி கட்டியதற்கான சீட்டு, ஒப்பந்தக்காரர் உரிமம் அல்ல. சொந்தப் பெயரில் அல்லாமல் வேறு பெயரில் தொழில் நடத்தினால் அந்தப் பெயரைக் கவுன்டி எழுத்தரிடம் பதிந்து, செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே கூட்டாட்சி அரசுக்குச் சுயதொழில் வரி கட்ட வேண்டும். அதன் விகிதம் 15.3 சதவீதம். ரொக்கமாக வாங்கினோம் என்பது விலக்கு அல்ல. பொறுப்புக் காப்பீடு சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் குழாயைத் திருகும்போது உடைந்து ஒரு மாடி முழுவதும் நனைந்தால் அந்த இழப்பை ஒரு ஹேண்டிமேனின் சேமிப்பு தாங்காது.

எல்லை மீறினால் வரும் விளைவுகள் இரண்டு வகை. ஒன்று தண்டனை. உரிமம் இன்றி ஒப்பந்தக்காரராக நடந்துகொள்வது 7028 ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை கவுன்டிச் சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் முறை பிடிபட்டால் சாதாரணமாகத் தொண்ணூறு நாளுக்குக் குறையாத சிறை; அபராதம் ஒப்பந்தத் தொகையின் இருபது சதவீதம் அல்லது 5,000 டாலர், எது அதிகமோ அது. நீதிமன்றத்துக்குப் போகாமல் வாரியமே விதிக்கும் நிர்வாக அபராதம் தனி.

மற்றது பணம் பற்றியது. பலரைத் தண்டனையைவிட ஆழமாகப் பாதிப்பது இதுதான். உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர், கூலி தராத வீட்டுக்காரர்மீது வழக்குப் போட முடியாது. 7031 ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது. வேலை குறையில்லாமல் முடிந்தாலும் முடியாது; அவருக்கு உரிமம் இல்லை என்பது வீட்டுக்காரருக்கு முதல் நாளே தெரிந்திருந்தாலும் முடியாது. அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது: கொடுத்த பணம் முழுவதையும் திருப்பித் தரச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போடலாம். 1991 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஹைட்ரோடெக் வழக்கு இந்த விதியின் கடுமையைக் காட்டியது. நியூயார்க்கைச் சேர்ந்த அந்த நிறுவனம் பாம் ஸ்பிரிங்ஸ் நகரின் நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குச் செயற்கை அலைக் குளம் அமைத்துத் தந்தது. கலிபோர்னிய உரிமம் அதனிடம் இல்லை. பாக்கித் தொகை வரவில்லை. பணம் தரும் எண்ணமே இல்லாமல் பொய் வாக்குறுதி கொடுத்து வேலை வாங்கினார்கள் என்று மோசடி வழக்கும் தொடுத்துப் பார்த்தது. கூலியை வேறு பெயரில் கேட்பதாகவே அது ஆகும் என்று நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு குளியலறையைப் புதுப்பித்துவிட்டுக் கூலிக்கு நிற்கும் தனி ஆளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. உழைத்தவன் கூலி இல்லாமல் போவது மனத்துக்கு ஒப்பாததுதான். பொதுமக்களைத் தகுதியற்ற வேலையிலிருந்து காக்க அந்த விலையைக் கொடுக்கலாம் என்று சட்டமன்றம் முடிவுசெய்திருக்கிறது. நீதிமன்றங்களும் அதில் இரக்கத்துக்கு இடம் தரவில்லை. ஆயிரம் டாலருக்குள், மூன்று நிபந்தனைக்கும் உட்பட்டுச் செய்த வேலைக்கு இந்தத் தடை இல்லை. அந்தக் கூலியை அவர் வழக்குப் போட்டே வாங்கலாம். சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம்.

அழைப்பவருக்கும் ஆபத்து உண்டு. சான் ஹோசே, ஃப்ரீமான்ட் வட்டாரங்களில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. உரிமம் தேவைப்படும் வேலைக்கு உரிமம் இல்லாதவரை அமர்த்தினால், தொழிலாளர் சட்டத்தின் 2750.5 ஆம் பிரிவு அவரை அமர்த்தியவரின் ஊழியராகவே கருதத் தொடங்குகிறது. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் இழப்பீட்டுக் கேள்வி வீட்டுக்காரரிடம் வரும். வீட்டுக் காப்பீடு இதைத் தாங்குமா என்பது, முந்தைய தொண்ணூறு நாளில் அவர் அங்கே எத்தனை மணி நேரம் வேலை செய்தார், எவ்வளவு வாங்கினார் என்பதைப் பொறுத்தது. ஐம்பத்திரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வராமல், கவனக்குறைவு வழக்காக மாறும். உயர்ந்த பனை வகை மரமொன்றைக் கத்தரிக்க ஏறி விழுந்த தொழிலாளியின் வழக்கு 2003 இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் வீட்டு மரத்தை வெட்டச் சொன்ன சாதாரண வீட்டுக்காரர், தொழிற்சாலை முதலாளிக்குரிய பணியிடப் பாதுகாப்பு விதிகளால் கட்டுப்பட்டவர் அல்ல என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பால் வீட்டுக்காரர் பெரும் சுமையிலிருந்து தப்பினார். விழுந்தவர் ஒரு பாதுகாப்பை இழந்தார். இருவரையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது, உரிமம் தேவைப்படும் உயரத்துக்கு உரிமம் இல்லாத ஒருவர் ஏறியதுதான்.

பேரிடர் பகுதியில் சட்டம் இன்னும் கடுமையாகிறது. 2018 இல் பாரடைஸ் நகரை எரித்த காட்டுத்தீக்குப் பிறகும், 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஈட்டன், பாலிசேட்ஸ் தீக்களுக்குப் பிறகும், வீடிழந்தவர்களின் கையில் காப்பீட்டுப் பணமும் மனத்தில் அவசரமும் இருந்தன. அத்தகைய இடங்களுக்கு யாரென்றே தெரியாதவர்களும் வேலை தேடி வருவார்கள். அவசரநிலை அறிவித்த பகுதியில், அந்தப் பேரிடரால் சேதமான கட்டடத்தில் உரிமம் இன்றி ஒப்பந்த வேலை எடுப்பது 7028.16 ஆம் பிரிவின்படி பெருங்குற்றமாக வழக்கிடத் தக்கது: 10,000 டாலர் வரை அபராதம், சிறை, அல்லது இரண்டும்.

மீறுபவர்களைப் பிடிக்க வாரியத்தில் தனிப் புலனாய்வுக் குழு இருக்கிறது. ஒரு வீட்டில் அதிகாரிகள் வீட்டுக்காரரைப் போல அமர்ந்துகொண்டு, விளம்பரம் செய்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து விலை கேட்பார்கள். வந்தவர் சுவரை அளந்து, தாளில் ஒரு தொகையை எழுதி நீட்டுவார். அது வரம்பைத் தாண்டியிருந்தால் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு அதிகாரி வந்து நீதிமன்ற அழைப்பாணையைக் கொடுப்பார். உரிமமின்மை, விளம்பரக் குற்றம், பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்டது என்று ஒரே பிற்பகலில் மூன்று குற்றச்சாட்டுகள் சேர்ந்துவிடுவதும் உண்டு.

மற்ற மாநிலங்களில் விதி வேறு. அரிசோனாவிலும் வரம்பு ஆயிரம் டாலர்தான், பெர்மிட் நிபந்தனையும் உண்டு. நியூயார்க் நகரில் 200 டாலரைத் தாண்டும் வீட்டுச் சீரமைப்பு வேலைக்கே நகர உரிமம் வேண்டும். டெக்சாஸில் பொதுக் கட்டட வேலைக்கு மாநில உரிமமே இல்லை. மின்சாரம், குழாய், குளிர்சாதனம் ஆகியவற்றுக்கு மட்டும் உண்டு. ஒரு மாநிலத்தில் பழகியவர் எல்லை தாண்டிப் போகும்போது பழைய எண்ணைத் தலையில் சுமந்து போகக் கூடாது.

ஆயிரம் டாலர் வரம்பு நெருக்கும்போது, கலிபோர்னியாவில் உரிமம் வாங்கும் வழி திறந்தே இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். கடந்த பத்து ஆண்டுக்குள் அந்தத் தொழிலில் தேர்ந்த தொழிலாளிக்குரிய நிலையில் நான்கு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். தொழிற்பயிற்சிக்கும் படிப்புக்கும் அதில் மூன்று ஆண்டு வரை கழிவு கிடைக்கலாம். சட்டமும் வணிகமும் பற்றி ஒரு தேர்வு, தொழில் பற்றி ஒரு தேர்வு, பிறகு புத்தகத்தைப் பார்த்தே எழுதக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் தேர்வு. கைரேகைச் சோதனை உண்டு. 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் தர வேண்டும். அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை, பிணை நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் அதில் ஒரு சிறு பங்கைக் கட்டினால் போதும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத குடியேறியவர், வருமான வரிக்கான தனிநபர் எண்ணைக் கொண்டும் விண்ணப்பிக்கலாம். எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவருக்கு எந்த உரிமம் பொருந்தும் என்ற பழைய சிக்கலையும் 2021 இல் வந்த பி-2 என்ற வகை ஓரளவு தீர்த்தது: இருக்கும் மரச்சட்ட வீட்டில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தொழில்களாவது சேரும் சீரமைப்பு வேலையை அந்த உரிமத்தோடு எடுக்கலாம், தாங்கு சுவரைத் தொடக் கூடாது. உரிமம் வந்த நாளிலிருந்து விளம்பர விதி தலைகீழாகிறது. ‘உரிமம் இல்லை’ என்று எழுதிய அட்டைகளை ஒதுக்கிவிட்டு, இனி அச்சிடும் ஒவ்வொரு அட்டையிலும் ஒப்பந்தத் தாளிலும் வண்டியிலும் உரிம எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வாரியத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.